பழைய தையல் இயந்திரங்களை அடையாளம் காணலும் சேகரித்தலும்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் கறுப்பு உடலும் பொன்னிறப் பூவேலையும் கொண்ட பழைய தையல் இயந்திரம் ஒன்று கிடந்தால், அதன்மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், வீட்டார் அதைச் ‘சிங்கர் மெஷின்’ என்றே சொல்லுவார்கள். உஷாவும் சிங்கர்தான், லூதியானாவில் வார்த்த பெயர் தெரியாத தலையும் (மேசைமேல் நிற்கும் மெஷின் உடலைத் தலை என்பார்கள்) சிங்கர்தான். பேச்சு வழக்கில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் சேகரிக்கப் புறப்படுகிறவர் இந்த வழக்கை நம்பிப் பணம் கொடுத்தால் ஏமாறுவார். நான் முதன்முதலாக வாங்கிய ‘சிங்கர்’ அப்படித்தான் வந்தது. பொன்னெழுத்தைப் பார்த்து மகிழ்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கோட்டாற்றில் நாற்பது ஆண்டு மெஷின் பழுது பார்த்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் மெஷினின் தலையைச் சாய்த்து அடியில் பார்த்துவிட்டு, “பூவப் பாக்காத மக்கா, அடியப் பாரு” என்றார். உடல் இந்தியாவில் வார்த்தது. எழுத்து மட்டும் பின்னால் ஒட்டியது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் வரிசை அவர் சொன்ன வரிசையே: முதலில் அடி, அடுத்து எண், அதற்குப் பிறகுதான் பெயரும் பூவும்.

இந்த மாவட்டத்தில் இத்தேடலுக்குத் தனியான பொருள் உண்டு. தைத்த மேலாடை அணியும் உரிமைக்காகவே இங்கே ஒரு நெடிய போராட்டம் நடந்திருக்கிறது. மிஷன் பள்ளிகளில் தையலும் லேஸ் பின்னலும் கற்ற பெண்கள் குப்பாயம் அணிந்ததை எதிர்த்து 1822-இல் தொடங்கிய தோள்சீலைக் கலவரம், 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனத்தோடு ஒரு கட்டத்தை எட்டியது. எலியாஸ் ஹோவ், மேல் நூலும் கீழ் நூலும் பிணையும் பூட்டுத்தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846-இல். ஐசக் மெரிட் சிங்கர் பெற்றது 1851-இல். ஆகவே, நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் முதல் குப்பாயங்களைத் தைத்தவை கைகளே. இயந்திரம் பின்னால் வந்து அந்த வேலையைப் பெருக்கியது. இயந்திரங்களை எதிர்த்துப் பேசிய காந்தியடிகளும், 1924-இல் ராமச்சந்திரன் என்ற மாணவரோடு நடத்திய உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்தைத் தம் எதிர்ப்புக்கு விலக்காக வைத்தார். இந்தப் பின்னணி தெரிந்தால், ஒரு பழைய வீட்டில் இயந்திரத்தைக் கேட்கும்போது நாம் எதைக் கேட்கிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

புறப்படும் முன்

பையில் சில பொருள்கள் போதும். ஒரு சிறிய டார்ச், ஒரு காந்தத் துண்டு, பெரியதும் சிறியதுமாக இரண்டு ஸ்குரூ டிரைவர்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய பருத்தித் துணி, சிறு குப்பி மெஷின் எண்ணெய், ஒரு பக்கம் தட்டையான சாதாரண வீட்டு மெஷின் ஊசிகள், நூல், தைத்துப் பார்க்க இரண்டு மடிப்புக் காடாத் துணி, குறிப்பேடு. காந்தம் எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலான பழைய தலைகள் வார்ப்பிரும்பு. ஆனால் 1933-இல் வந்த சிங்கர் 221 போன்ற சில வகைகளின் உடல் அலுமினியம். அந்த 221 ஏறத்தாழ 5 கிலோதான் இருக்கும். முழு அளவு இரும்புத் தலையோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும்.

தேடும் இடங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வடசேரி, மார்த்தாண்டம், திங்கள்சந்தை வட்டாரங்களில் உள்ள ஆக்கர் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், தலைகள் எடைக்கு வரும். தக்கலை, குழித்துறைப் பக்கம் வீடு இடிக்கும்போது மேசையோடு வரும். இவற்றைவிட நல்ல வழி, தொழிலை விட்ட தையற்காரர்களையும் மெஷின் பழுது பார்ப்பவர்களையும் பழக்கப்படுத்திக்கொள்வது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதற்படி: அடியைப் பார்த்தல்

தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தாலோ, ஊசிக்குக் கீழேயுள்ள தகட்டை நகர்த்தினாலோ, கீழ் நூலைப் பிடிக்கும் அமைப்பு தெரியும். ஓர் இயந்திரத்தின் குலம் இதில்தான் இருக்கிறது. மேலே உள்ள வண்ணத்தை மாற்றலாம், பெயரை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். இந்த அமைப்பை மாற்றி இன்னொரு வகையாக்க எவராலும் முடியாது.

கீழே, கீழ் நூலைச் சுற்றிவைக்கும் பாபினே இல்லையென்றால் அது சங்கிலித் தையல் இயந்திரம். ஒரே நூலில் தைக்கும். முனையை இழுத்தால் தையல் முழுவதும் கழன்று வரும். அமெரிக்காவின் வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் நிறுவனத்தின் சிறிய இயந்திரங்கள் இவ்வகையில் புகழ் பெற்றவை. அவற்றின் உடல் ஆங்கில ‘ஜி’ எழுத்தைப்போல் வளைந்திருப்பதால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். இங்கே அவை அரிது.

அடுத்தது, கீழ் நூலைச் சுமக்கும் ஷட்டில் இடவலமாக ஓடும் வகை. 1865-இல் வந்த சிங்கரின் ‘நியூ ஃபேமிலி’, அதாவது 12-ஆம் வகை, இதைச் சேர்ந்தது. அதன் அடித்தட்டு வயலினைப்போல் இடை குறுகியிருக்கும். இதைக் கண்டால் உடனே உள்ளம் துள்ளக்கூடும். ஆனால் அதற்குரிய ஊசி இன்று எளிதில் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஊசி உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஊசியில்லாத 12-ஆம் வகையை வாங்கினால் அது அலமாரியில் நிற்கும் சிலைதான்.

மூன்றாவது வகையைத்தான் இப்பகுதியின் பழைய வீடுகளில் நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். ஊசியின் முன்னும் பின்னுமாக இரண்டு நகரும் தகடுகள் இருக்கும். முன்தகட்டை இழுத்தால், துப்பாக்கிக் குண்டு வடிவில் நீண்ட ஷட்டில் ஒன்று ஒரு கையில் உட்கார்ந்து, ஊசலைப்போல் முன்னும் பின்னும் வீசுவதைக் காணலாம். அதற்குள் இருக்கும் பாபின் வட்டமாக இராது. இரு முனையிலும் சிறு தட்டுகளை உடைய மெல்லிய கம்பியாக இருக்கும். சிங்கர் 27, 127 ஆகியவை இதில் முழு அளவு. 28, 128 ஆகியவை முக்கால் அளவு. முழு அளவுத் தலையின் அடித்தட்டு ஏறத்தாழ 14½ அங்குல நீளம், முக்கால் அளவு ஏறத்தாழ 12 அங்குலம் என்பதால், அளவுகோலை வைத்தவுடன் இவை பிரிந்துவிடும். இவ்வகையை வாங்கும்போது ஷட்டில் உள்ளே இருக்கிறதா, அதன் கூர்முனை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முனையில் மயிரிழை அளவு உடைந்திருந்தாலும் நூல் சிக்கும்.

நான்காவது, 15-ஆம் வகை. வட்டப் பாபின் செங்குத்தாக நிற்கும். பாபின் கேஸைத் தலையின் இடது முனையிலிருந்து கையை விட்டு எடுக்க வேண்டும். நூல் இறுக்கும் திருகு இடதுபக்க முகத்தகட்டில் இருக்கும். நம் ஊர்த் தையற்கடைகளில் இன்றும் ஓடும் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. இந்தியாவில் உஷாவும் மெரிட்டும் லூதியானாப் பட்டறைகளும், போருக்குப் பின் ஜப்பான் நிறுவனங்களும் இதையே அடியொற்றின. அதனால் இவ்வகையில் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை; அதே காரணத்தால் போலிகளுக்கும் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்தில் செய்த 15 கே ஒன்றின் உள்ளே உள்நாட்டுப் பாகங்கள் பாதிக்கு மேல் இருப்பது சாதாரணம். உழைத்த இயந்திரத்தில் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன், ஆனால் விலை பேசும்போது சொல்லுவேன். அசல் சிங்கர் பாகங்கள் பலவற்றில் ‘சிமான்கோ’ என்ற சொல்லும் ஒரு பாக எண்ணும் பொறித்திருக்கும். சிங்கர் மானுஃபாக்சரிங் கம்பெனி என்பதன் சுருக்கமே அது.

ஐந்தாவது வகையில், ஊசித் தகட்டை ஒட்டிய ஒரே தகட்டை நகர்த்தினால், வட்டப் பாபின் மேலிருந்து படுக்கையாகப் போடப்பட்டிருக்கும். 66-ஆம் வகை முழு அளவு, 99 அதன் முக்கால் அளவு. 201-உம் மேலிருந்து பார்த்தால் இப்படியே தோன்றும். ஆனால் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கீழே பார்த்தால், 66-இல் ஊசியின் நூலைப் பிடிக்கும் கொக்கி பாதிவரை போய்த் திரும்பி வரும், 201-இன் கொக்கியோ பற்சக்கரங்களின் வழியே முழுச் சுற்றும் சுற்றும். ஓசையிலும் வேறுபாடு உண்டு. வீட்டு உபயோகத்துக்குச் சிங்கர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது 201 என்று பழுது பார்ப்பவர்கள் பலர் சொல்லுவார்கள். என் கருத்தும் அதுவே.

தொழிலுக்கென்றே செய்தவை வேறு. கையும் உடலும் நீண்டு பருத்த 31 கே, கோட்டும் தடித்த துணியும் தைக்கும் தையற்காரருக்கானது. செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் 29 கே, நீண்ட உருளைக் கையும், எந்தத் திசையிலும் திரும்பும் பாதமும் கொண்டது. இவற்றை வீட்டு இயந்திரங்களோடு சேர்த்து மதிப்பிடக் கூடாது. பேருந்து நிலையத்தருகே ஒருவர் இன்றும் 29 கே வைத்துப் பிழைக்கிறார் என்றால், அதைக் கேட்கவும் கூடாது.

இரண்டாம் படி: எண்ணைப் படித்தல்

சிங்கரின் வரிசை எண் அடித்தட்டின் வலப்பக்கத்தில், தூணின் காலடியில் பொறித்திருக்கும். பல ஆண்டுத் தூசியும் எண்ணெயும் இறுகியிருப்பதால் முதலில் தெரியாது; எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒளியை நேராகப் பிடித்தால் எண் மறையும், பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழும்பும்.

எண்ணின் முன்னால் எழுத்து இல்லையென்றால் அது பொதுவாக 1900-க்கு முற்பட்டது. ஒற்றை எழுத்து இருந்தால் 1900-க்குப் பிற்பட்டது. எஃப், எஸ், வி, ஒய் ஆகியவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையைக் குறிக்கும். ஜி என்பது அமெரிக்காவின் எலிசபெத் ஆலை. சி என்பது ஜெர்மனியின் விட்டன்பெர்க ஆலை. ஒய் வரிசை 1920-களிலும் 1930-களின் முற்பாதியிலும் ஓடியது. 1930-களின் நடுவிலிருந்து கிளைட்பேங்க் எண்களில் ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்துகள், ஈஏ, ஈபி என்று, வரிசையாக வருகின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்குக் கிளைட்பேங்கே பெரிதும் அனுப்பியது என்பதால், நம் பக்கத்தில் கிடைக்கும் சிங்கர்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. 1885-இல் திறந்து 1980-இல் மூடிய அந்த ஆலை இருந்த பகுதி கில்போவி. வகை எண்ணின் பின்னால் வரும் ‘கே’ என்ற எழுத்து அந்தக் கில்போவியின் முதலெழுத்தே. ஆலை போய்விட்டது, ‘சிங்கர்’ என்ற பெயரில் ரயில் நிலையம் மட்டும் அங்கே இன்னும் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வரிசை எண்ணுக்குரிய காலத்தைக் காட்டும் எண் பட்டியலில் காணும் தேதி, அந்த எண்கள் ஒரு வகைக்கென்று தொகுதியாக ஒதுக்கப்பட்ட நாளே தவிர, உங்கள் இயந்திரம் ஆலையை விட்டு வெளியேறிய நாள் அல்ல. நாகர்கோவிலில் அது விற்பனையான நாள் அதற்கும் பிந்தியது. ஆகவே ‘பிறந்த நாள்’ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காமல், ‘ஏறத்தாழ இந்த ஆண்டு’ என்று எழுதிக்கொள்வதே முறை. மேலும், சிங்கரின் எண்முறை சிங்கருக்கு மட்டுமே பொருந்தும். ஜெர்மனியின் கைசர்ஸ்லௌட்டர்னில் 1862-இல் தொடங்கிய ஃபாஃப், இங்கிலாந்தின் ஜோன்ஸ், ஜப்பான் நிறுவனங்கள், உஷா ஆகியவற்றுக்கு வெவ்வேறு முறைகள் உண்டு. ஜப்பான் தலைகளில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது 1952-க்கு முற்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணே இல்லையென்றால் அல்லது அரத்தால் தேய்த்திருந்தால் வாங்காதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: பெயரும் பூவும் உலோகமும்

இப்போதுதான் மேற்புறத்துக்கு வருகிறோம். சிங்கரின் பூவேலைகளில் நம் பக்கத்தில் எளிதாகக் கண்ணில் படுவது எகிப்தியச் சிங்க உருவமான ஸ்ஃபிங்ஸ். 27-ஆம் வகையில் இது அழகாக அமையும். 66-இல் தாமரை வகையும் உண்டு. 1851 முதல் 1951 வரை என்று எழுதி நீல விளிம்போடு வரும் வட்டப் பித்தளைச் சின்னம், நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டிச் செய்த இயந்திரங்களில் இருக்கும். அதைக் காட்டி நூறு வயது மெஷின் என்று சொல்பவர்கள் உண்டு, 1851-ஐ மட்டும் படிப்பதால் வரும் மயக்கம் அது.

அசல் பூவேலை பல ஆண்டு துணி உரசிய இடத்தில் தேய்ந்திருக்க வேண்டும். அடித்தட்டின் முன்விளிம்பில், தைப்பவரின் கையும் துணியும் போய்வரும் பாதையில், பொன் வெள்ளியாகிப் பிறகு கறுப்பாகியிருக்கும். அவ்விடத்தில் பூ புத்தம்புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். தூணில் உள்ள பித்தளைச் சின்னத்தின் ஆணிகளையும் பாருங்கள். பசையால் ஒட்டிய சின்னம் அசலன்று. உலோகப் பூச்சும் வயதைச் சொல்லும். சற்று மஞ்சள் சாயல் காட்டும் நிக்கல் பழையது. நீலச் சாயலோடு பளிச்சிடும் குரோமியம் 1930-களில் அதன் இடத்தைப் பிடித்தது. பின்தையல் போடும் நெம்புகோல், சிங்கரின் வீட்டு வகைகளில் 1930-களில்தான் பரவியது. தையல் நீளத்துக்கு வெறும் திருகு மட்டும் இருந்தால் வடிவமைப்பு அதற்கு முற்பட்டதாக இருக்கக் கூடும்.

இந்தியத் தலைகளை ஒதுக்கிவிடும் பழக்கம் சேகரிப்பவர்களிடையே இருக்கிறது; அது எனக்கு உடன்பாடில்லை. 1930-களில் கல்கத்தாவில் தொடங்கி, ஜெய் என்ஜினியரிங் ஒர்க்ஸ் பெரிய அளவில் செய்த உஷாவின் தொடக்ககாலத் தலைகள், நாட்டின் தொழில் வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. அந்த ஆலை நின்ற இடத்தில் இப்போது வணிக வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. ஐசக் மெரிட் சிங்கரின் நடுப்பெயரைத் தாங்கி வந்த மெரிட்டும் அப்படியே. இன்னும் பத்து ஆண்டுகளில் பழைய உஷாவைத் தேடி அலைவார்கள். இன்று அது எடைக்குப் போகிறது.

மேசையும் கால்சட்டமும் தலையோடு பிறந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். வார்ப்பிரும்புக் கால்சட்டத்தில் ஒரு பெயரும் தலையில் வேறு பெயரும் இருப்பது இங்கே இயல்பு. பலகை கறையான் தின்று, உள்ளூர்த் தச்சர் அயினியிலோ பலாவிலோ புதிதாகப் போட்டிருப்பார். அதை மாற்றாதீர்கள், அதுவும் அந்த இயந்திரத்தின் வரலாறுதான். கால்சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வார்ப்பிரும்பில் போட்ட ஒட்டு நம்பத் தக்கதன்று.

நான்காம் படி: வாங்குமுன் ஓட்டிப் பார்த்தல்

பெரும்பாலான மெஷின்களில் கைச்சக்கரத்தை உங்களை நோக்கியே சுற்ற வேண்டும். அசையவில்லையென்றால் பலம் கொடுக்காதீர்கள். பாபின் சுற்றுவதற்காகத் தளர்த்தும் நடுத்திருகு தளர்ந்திருந்தால் சக்கரம் மட்டும் சுழன்று ஊசி அசையாது, அது பழுதன்று. சக்கரமே இறுகியிருந்தால், முதலில் ஷட்டில் பகுதியில் நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீதி இறுக்கம் பெரும்பாலும் உலர்ந்த எண்ணெயாலேயே வருகிறது. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. மெஷின் எண்ணெய் தீர்ந்தால் அடுக்களைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து விடுவது இங்கே தலைமுறைப் பழக்கம். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகி, மார்கழிக் குளிரில் உறைந்து, தலையைப் பூட்டிவிடும். இப்படிப் பூட்டிய தலைகளே ஆக்கர் கடைக்கு ‘ஓடாத மெஷின்’ என்று மலிவாக வருகின்றன. பொறுமையுள்ளவருக்கு அவை நல்வாய்ப்பு.

ஓடுகிற தலையென்றால் நூல் கோத்துத் தைத்துப் பாருங்கள். ஊசியின் தட்டையான பக்கம், நூல் நுழையும் பக்கத்துக்கு நேர் எதிரில் இருக்க வேண்டும். 15-ஆம் வகையில் தட்டை இடப்புறமும் நூல் வலமிருந்து இடமாகவும் போகும். ‘தையல் விடுகிறது’ என்று விலை குறைத்துத் தரும் மெஷின்களில் பாதி, ஊசி திரும்பிப் போட்டதால் விடுபவை. மேல் நூல் துணியின் அடியில் கண்ணிகளாகத் தொங்கினால் மேல் இறுக்கம் குறைவு, இதுவும் பழுதன்று. ஆனால் ஊசித் தண்டு இடவலமாக ஆடுவது, துணியை நகர்த்தும் பல் மழுங்கியிருப்பது, கொக்கியின் முனை உடைந்திருப்பது ஆகிய மூன்றும் செலவு வைக்கும் குறைகள்.

விலையைப் பற்றி

பேரத்தின் அடித்தளம் பழைய இரும்பின் எடை விலை. அதற்கு மேல் ஏறுவதற்கு நான்கே காரணங்கள்: அரிய வகை, தேயாத பூவேலை, முழுமையான துணைப்பொருள்கள், நன்றாக ஓடும் உள்ளமைப்பு. பழமை மட்டுமே ஒரு காரணமாகாது. கிளைட்பேங்க் ஆலை உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களைச் செய்தது. 1920-களின் 66-ஆம் வகை உலகெங்கும் குவிந்து கிடக்கிறது.

‘சிவப்பு மெர்க்குரி’ என்ற கதையும் உங்களிடம் வரும். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் ஊசிகளில் விலைமதிப்பற்ற சிவப்புப் பாதரசம் இருப்பதாக வதந்தி பரவி, செல்பேசியை ஊசியருகே வைத்துச் சோதிக்கும் கூத்தும் நடந்து, மக்கள் கற்பனைக்கெட்டாத விலை கொடுத்தார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத குடும்பம் இம்மாவட்டத்தில் குறைவு என்பதால், அந்தக் கதை இங்கேயும் ஊன்றிவிட்டது. அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் இயந்திரத்திலும் இல்லை. லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீட்டாரோடு வாதாட வேண்டாம். காப்பி குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இன்றும் அதை வைத்துச் சோறு தின்னும் ஒருவரிடமிருந்து வாங்காதீர்கள். அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தவற்றையும் தொடாதீர்கள். அவை பழமையானவையும் அல்ல, கொடுத்த நோக்கமும் வேறு. வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள், 100 ஆண்டைக் கடந்த பழம்பொருள்களின் ஏற்றுமதியை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்து, முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: துடைத்தலும் உயிர்ப்பித்தலும்

வாங்கிய உற்சாகத்தில் செய்யும் முதல் வேலையே பல நல்ல இயந்திரங்களைக் கெடுக்கிறது. பழைய சிங்கர்களின் பூவேலைமேல் அரக்கு மெருகு பூசியிருக்கும். சாராய ஸ்பிரிட் பட்டால் அது கரையும், தின்னர் பட்டால் பூவும் போகும். நான் ஒரு ஸ்ஃபிங்ஸின் முகத்தை இப்படித்தான் ஐந்து நிமிடத்தில் அழித்தேன். சோப்புத் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். தெளிந்த மெஷின் எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, துணி கறுத்ததும் மாற்றி, மீண்டும் தேய்ப்பதுதான் வழி. ஒரு தலைக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும்.

உள்ளமைப்புக்கு மண்ணெண்ணெய் ஏற்றது. ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டு, காலையில் சக்கரத்தை இலேசாக முன்பின் அசைக்க வேண்டும். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், உராய்வைத் தடுக்காது. ஆகவே தலை இளகியதும் அதைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விட்டே ஓட்ட வேண்டும். ஒரு வாரம் வரை அசையாத தலைகளை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாள் அவை அசைந்தன. துரு பிடித்த வெற்று உலோகத்தை மட்டும் மெல்லிய எஃகுக் கம்பளியும் எண்ணெயும் கொண்டு தேய்க்கலாம். வண்ணப்பரப்பில் அது படக் கூடாது. கழற்றும் ஒவ்வொரு திருகையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கர் திருகுகளின் மரை தனி அளவு. தொலைத்தால் வன்பொருள் கடையில் கிடைக்காது.

ஆறாம் படி: குமரியின் காற்றில் காப்பது

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது; முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். உள்நாட்டு ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பராமரிப்பை இங்கே ஆண்டுக்கு மூன்று முறை செய்ய வேண்டும். எல்லா வெற்று உலோகத்திலும் எண்ணெய்ப் படலம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சக்கரத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு வளரும், பருத்தித் துணி போதும். தோல் பெல்ட் மழைக்காலத்தில் நீளும், அதை வெட்டிச் சுருக்கினால் பங்குனி வெயிலில் இறுகிச் சக்கரத்தை இழுக்கும். ஆகவே பயன்படுத்தாத காலத்தில் கழற்றி வையுங்கள். மேசைக் கால்களை ஓட்டுத்துண்டின் மேல் நிறுத்தினால் ஈரமும் கறையானும் நேராக ஏறாது.

ஏழாம் படி: பதிவு

வாங்கும் நாளிலேயே மேசையின் இழுப்பறைகளை முழுவதும் திறந்து பாருங்கள். வீட்டார் குப்பையென்று கொட்டப்போவதில்தான் மீதி வரலாறு இருக்கும். 1889-இல் காப்புரிமை பெற்ற, விரித்தால் தட்டையாகும் மரப்பெட்டியில் துணைப்பாதங்கள் இருக்கலாம். தவணைக்கு விற்கும் முறையைச் சிங்கர் நிறுவனம் 1856 முதலே கைக்கொண்டது. ஆகவே தவணைச் சீட்டும் இருக்கலாம். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் சீட்டு மலையாளத்தில் இருந்தால் வியப்படைய வேண்டியதில்லை, தொகை திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்திலும் தேதி கொல்லம் ஆண்டிலும் இருந்தாலும் அப்படியே. கொல்லம் ஆண்டைக் கிறித்துவ ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள தேதிகளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியவுள்ள தேதிகளுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். 1110 மாசி என்று ஒரு சீட்டில் இருந்தால் அது 1935. தலையின் எண் ஒய் வரிசையில் இருந்து, சீட்டும் இப்படி வந்தால், இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. எண் ஈஜி என்றிருந்தால் தலை பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது.

பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். யார் வாங்கியது, கல்யாணச் சீராக வந்ததா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர் கொண்டுவந்ததா, யார் தைத்தார்கள், எதைத் தைத்தார்கள், கடைசியாக எந்த ஆண்டு ஓடியது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். குறிப்பேட்டில் ஒரு பக்கம் இதற்கு. எதிர்ப்பக்கம் வகை, வரிசை எண், ஆலை, ஏறத்தாழ ஆண்டு, நீங்கள் மாற்றிய பாகங்கள், மாற்றிய நாள். இதன் சுருக்கத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி, கால்சட்டத்தின் குறுக்குக் கம்பியில் நூலால் கட்டுங்கள். தலையில் ஒட்ட வேண்டாம். உரிக்கும்போது பசையோடு பூவும் வந்துவிடும்.